அரம் பட்ட இடம்

எங்கள் கரையோர ஊர்களில் வாகனங்களைப் பழுதுபார்க்கும் கடைகளின் பெயர்ப்பலகையில் 'மோட்டார் சைக்கிள் திருத்துமிடம்' என்று எழுதியிருக்கும். எழுதியவர் எவரும் தத்துவம் பேச நினைத்து அந்தச் சொல்லைத் தெரிந்தெடுக்கவில்லை. ஆயினும் அச்சுக்குப் போகும் பிரதியில் நாம் செய்வதும் திருத்தம்தான். வழிதவறிய மனிதன் திருந்துவதும் அதே வேரிலிருந்து வரும் சொல்தான். இரும்பு, எழுத்து, மனிதன் ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கும்போது மூன்றிலும் நடப்பது ஒரே காரியம் என்று நம்பிவிடுகிறோம். அப்படித்தானா என்பதே என் கேள்வி. இதைப் பொதுக் கேள்வியாக மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. அதற்கான காரணத்தை முதலில் சொல்கிறேன்.

சென்ற வருடம் என் காக்காவின் மகன் ஒரு பழைய எஞ்சினைத் திருத்தத் தொடங்கினான். யமஹா ஆர்டி 200. இரண்டு சிலிண்டர்கள் கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 52 மில்லிமீற்றர். பிஸ்டன் ஓடும் தூரம் 46 மில்லிமீற்றர். இரண்டும் சேர்ந்து 195 சிசி. ஜப்பானில் ஓடிக் கழித்த அந்த வண்டியைக் காக்கா 1979இல் கொழும்பில் வாங்கினார். 1982இல் அது நின்றது. பிறகு எவரும் அதைத் தொடவில்லை. எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பின்கட்டில் போட்டு வைத்தோம். காக்கா 2016இல் மௌத்தானார். வாப்பாவின் வண்டியை ஒருமுறையேனும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது மகனின் ஆசை.

சிலிண்டர்கள் இரண்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் என்னைக் கூப்பிட்டான்.

"சாச்சா, இங்க பாருங்க. யாரோ அரத்தால ராவியிருக்காங்க."

பார்த்தேன். புகை வெளியேறும் துவாரத்தின் மேல்விளிம்பிலும் பக்கங்களிலும் அரத்தின் கோடுகள் அப்படியே இருந்தன. இடது சிலிண்டரில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர். வலதில் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

"வாப்பா சொன்னது சரிதான்" என்றான் அவன். "அந்த பாஸ்தான் எஞ்சினக் கெடுத்திருக்கார்."

அந்த அரக்கோடுகள் என்னுடையவை. ஆனால் அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

*

நடந்ததை விளங்கிக்கொள்ள அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான்கடிப்பு எஞ்சினில் இருப்பதுபோல டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் தலையில் திறந்து மூடும் வால்வுகள் கிடையா. சிலிண்டரின் சுவரிலேயே துவாரங்கள் வெட்டப்பட்டிருக்கும். புதிய கலவை உள்ளே வருவதற்குச் சில, எரிந்த புகை வெளியே போவதற்கு ஒன்று. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன்தான் அவற்றுக்குக் கதவு. ஆகவே எந்தத் துவாரம் எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதெல்லாம் அது சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையே பொறுத்தது. 46 மில்லிமீற்றர் ஓட்டமுள்ள எஞ்சினில் புகைத் துவாரத்தின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தினால் அது ஏறக்குறைய இரண்டரைப் பாகை முந்தித் திறக்கும்; இரண்டரைப் பாகை பிந்தி மூடும். அதிவேகத்தில் எஞ்சினின் வலு கூடும். மெதுவாக ஓடும்போது குறையும். ஒரு வட்ட அரமும் ஓர் இரவும் இருந்தால் பதினெட்டு வயதுப் பையனால் ஓர் எஞ்சினின் சுபாவத்தையே மாற்றிவிட முடியும். அந்தக் கவர்ச்சியை இன்றும் என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் எப்போதும் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும் ஒரு வில். சுவர் அதை அடக்கி வைத்திருக்கிறது. துவாரத்தைக் கடக்கும்போது அந்த இடத்தில் சுவர் இல்லை. ரிங் சற்றே வெளியே பிதுங்கும். துவாரத்தின் அகலம் சிலிண்டர் விட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கை நெருங்க நெருங்க இந்த ஆபத்து கூடும். அதனால்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் அகலத்தில் கைவைக்கப் பயப்படுவார்கள். வெட்டிய விளிம்பைச் சாய்த்து மழுக்காமல் விடமாட்டார்கள். கூரான விளிம்பில் ரிங் கொளுவினால் உடையும். உடைந்த துண்டு பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் இறுகினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் ஓடும் ஓட்டத்திலேயே நின்றுவிடும்.

நான் அகலத்தையும் கூட்டினேன். விளிம்பை மழுக்கவும் இல்லை. இரவல் கிடைத்த ஓர் ஆங்கில மோட்டார் சஞ்சிகையைப் பார்த்துத்தான் செய்தேன். மழுக்குவது பற்றி அதில் இருந்ததா என்பது நினைவில்லை. இருந்திருந்தாலும் அதை வாசிக்கும் பொறுமை எனக்கு இருந்திருக்காது.

*

அப்போது கல்முனைப் பக்கத்தில் ஒரு பாஸ் கராஜ் வைத்திருந்தார். தமிழர். எல்லோரும் பாஸ் என்பார்கள். நான் பாஸ் அண்ணன் என்பேன். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் பின்னேரங்களில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். ஸ்பனர் பிடிக்கவும், எந்த நட்டை எந்த ஒழுங்கில் தளர்த்த வேண்டும் என்றும் சொல்லித்தந்தவர் அவர்தான். வேலைக்குக் கூலி தரவில்லை. கற்றுத்தந்ததற்குக் கூலி கேட்கவும் இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் தேநீர் வாங்கித் தந்தார்.

1982இல் காக்காவின் எஞ்சினை அவர்தான் போர் செய்து, 52.25 மில்லிமீற்றர் பிஸ்டன்களைப் போட்டுக் கொடுத்தார். முதல் 500 மைல் மெதுவாக ஓட்ட வேண்டும் என்று காக்காவிடம் இரண்டு தரம் சொன்னார். அடுத்த வாரம் காக்கா பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். அந்த இரண்டு இரவுகளில்தான் நான் சிலிண்டர்களைக் கழற்றி, ராவி, மறுபடி பூட்டினேன். வட்ட அரத்தை பாஸிடமிருந்தே இரவல் வாங்கினேன்.

"எதுக்குத் தம்பி?" என்று கேட்டார்.

"வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளுக்கு அண்ணன்" என்றேன்.

காக்கா அக்கரைப்பற்றில் படிப்பித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த மறுவாரம் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது களியோடைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தூக்கி எறியப்பட்டவரின் இடது மணிக்கட்டு முறிந்தது. அது கோணலாகவே பொருந்தியது. மழைக்காலங்களில் கடைசிவரை அதைத் தடவிக்கொண்டிருப்பார்.

போர் இறுக்கமாக அடித்ததால்தான் எஞ்சின் பிடித்தது என்று ஊரில் முடிவு கட்டினார்கள். புதிதாகப் போர் செய்த எஞ்சினுக்கு அப்படி நடப்பதுண்டு. யாரும் நம்பக்கூடிய காரணம். செய்தி கேட்டு பாஸ் வீட்டுக்கு வந்தார். "எஞ்சினக் கொண்டு வாங்க, திறந்து பாப்பம். என்ட பிழையெண்டா நான் பொறுப்பு" என்றார். திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். காக்கா யோசித்தார். அப்போது நான் சொன்னேன்: "வேணாம் காக்கா. திரும்பியும் அவர்ர கையில ஏன் குடுக்கணும்?"

பாஸ் என்னைப் பார்த்தார். அரம் அவர் நினைவுக்கு வந்திருக்குமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். வந்திருந்தாலும் அவர் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போனார்.

அரத்தால் ராவியது பிழை. இளமை, அறியாமை, அவசரம் என்று அதற்கு ஆயிரம் சமாதானங்கள் சொல்லலாம். அவை பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். மேற்படி வசனம் அப்படியல்ல. அதைச் சொல்லும்போது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நம் குற்றத்தை நினைக்கும்போதெல்லாம் மன்னிக்கக்கூடிய பகுதியை முன்னால் வைத்து, மன்னிக்க முடியாத பகுதியை அதன் நிழலில் நிறுத்திவிடுகிறோம். பல வருடங்களாக நான் எனக்கே சொல்லிக்கொண்ட கதை, ஒரு சிறுவன் ஓர் எஞ்சினைக் கெடுத்த கதை. ஒருவரின் கைமீது பழி போட்ட கதையை அல்ல.

*

எங்கள் ஊரிலிருந்து பாஸிடம் போன வண்டிகள் குறைந்தன. காக்கா மதிப்புள்ள ஆசிரியர். அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். 1985இல் எங்கள் கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் கலவரம் மூண்டது. அதற்குப் பிறகு அந்தக் கராஜ் திறக்கவில்லை. அவர் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவர் போனது கலவரத்தாலா, ஏற்கனவே தொழில் நொடிந்திருந்ததாலா? பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அந்தப் பிரிக்க முடியாமையைத்தான் நான் வசதியான இடமாக்கிக்கொண்டேன். பின்னால் வந்த வருடங்களில் இரு பக்கத்திலும் மனிதர்கள் இழந்தவற்றின் முன்னால் ஓர் எஞ்சினும் ஒரு பொய்யும் எம்மாத்திரம்? 1990ஐக் கண்டவர்களிடம் போய் 1982இன் அரக்கோட்டைப் பற்றிப் பேசுவது சிரிப்புக்கிடமாகாதா? இப்படித்தான் வாதாடினேன். பெரிய அநீதி நடக்கும் காலம் சிறிய அநீதிகளுக்கு நல்ல மறைவிடம். எங்கள் தலைமுறை இதை அறியும். போர் செய்தவற்றை நாம் எழுதினோம், எழுதவும் வேண்டும். போரின் மறைவில் நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்தவற்றை அவ்வளவாக எழுதவில்லை.

இந்த இடத்தில் சிலிண்டர் ராவும் கலையின் வரலாற்றிலேயே உள்ள ஒரு சம்பவம் எனக்கு உதவியது. கிழக்கு ஜேர்மனியின் ச்ஷோபாவ் நகரில் எம்இசட் தொழிற்சாலையின் பந்தய எஞ்சின்களை உருவாக்கியவர் வால்டர் காடன். குறைந்த வசதிகளோடு, துவாரங்களின் அமைப்பையும் புகைக்குழாயின் வடிவத்தையும் நுட்பமாக மாற்றி மாற்றி, 1961இல் 125 சிசி எஞ்சினிலிருந்து 25 குதிரைவலுவை எடுத்தார். லீற்றருக்கு 200 குதிரைவலு என்ற கணக்கு அது. அதற்கு முன் அப்படியொன்று வேறு காற்றழுத்த உதவியின்றி எட்டப்பட்டதில்லை. அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர். உலக 125 சிசி பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, 1961 செப்டெம்பரில் சுவீடன் பந்தயத்தில் டெக்னரின் எஞ்சின் பழுதானது. அத்தோடு அவர் மேற்கே தப்பிவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் காரின் பின்பெட்டியில் ஒளித்து எல்லை கடத்தப்பட்டனர். காடனின் நுட்பங்கள் டெக்னரோடு ஜப்பானின் சுசுக்கி நிறுவனத்துக்குப் போயின. 1962இல் டெக்னர் சுசுக்கியின் 50 சிசி வண்டியில் உலகப் பட்டம் வென்றார். அது சுசுக்கியின் முதலாவது உலகப் பட்டம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று வென்ற முதலாவது உலகப் பட்டமும் அதுவே.

டெக்னரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர், 1961 ஆகஸ்ட் 13இல், பேர்லினில் சுவர் எழத் தொடங்கியிருந்தது. அடைபட்ட நாட்டிலிருந்து பிள்ளைகளோடு தப்பிய மனிதனை யார் குற்றம் சொல்வது? அறிவு என்பதும் முழுக்க ஒருவருக்கே சொந்தமானதல்ல. காடனும் டானியல் ஸிம்மர்மன் என்பவரின் சுழல்தட்டு வால்வு யோசனையை எடுத்துத்தான் மேலே போனார். இவையெல்லாம் சரி. ஆயினும் டெக்னர் செய்தவை இரண்டு காரியங்கள். தப்பிப் போனது ஒன்று. தன்னை நம்பிய மனிதரின் பல வருட உழைப்பைக் கேளாமல் எடுத்துச் சென்றது மற்றொன்று. முதலாவதற்கு நாம் காட்டும் அனுதாபம் இரண்டாவதன் மீதும் பரவிப் படிந்துவிடுகிறது. சுவர் கட்டியவர்களின் குற்றம் எவ்வளவு பெரிதாயினும் காடனுக்கு டெக்னர் பட்ட கடனை அது அடைக்காது.

கலவரத்துக்குப் பொறுப்பானவர்கள் எத்தனை பேராயினும் அந்தப் பட்டியல் என் கணக்கிலிருந்து எதையும் கழிக்காது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாற்பது வருடங்கள் எடுத்தன.

*

மறுநாள் காலையில் மகனிடம் சொன்னேன். அவன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அந்தக் கேள்விதான் நான் அதுவரை காணாத ஒன்றைக் காட்டியது. பொய்யால் பாதிக்கப்பட்டவர் பாஸ் ஒருவர் மட்டுமென எண்ணியிருந்தேன். காக்கா நீதியான மனிதர். குற்றமற்ற ஒருவரைப் பற்றி ஊரெல்லாம் தவறாகப் பேச அவரை வைத்தவன் நான். அவர் பொய் சொல்லவில்லை. உண்மை என்று நம்பியே சொன்னார். ஒருவரின் மணிக்கட்டைக் கோணலாக்கியது போதாதென்று அவருடைய நேர்மையான கோபத்தையும் கோணலாக்கினேன். அதைத் திருத்த இனி அவர் இல்லை.

இன்னொன்றும் கண்டேன். சான்றுகள் தாமாகப் பேசும் என்பார்கள். அந்த அரக்கோடுகள் நாற்பது வருடங்கள் அழியாமல் இருந்தன. கடைசியில் வெளிச்சத்துக்கும் வந்தன. ஆனால் வந்ததும் குற்றமற்றவருக்கு எதிராகவே வாசிக்கப்பட்டன. இரும்பு சாட்சியைப் பாதுகாக்கும், சாட்சி சொல்லாது. சொல்ல ஒரு வாய் வேண்டும்.

சிலிண்டர்களை லேத்துக்குக் கொண்டு போனோம். ராவிய இரும்பு திரும்ப வளராது. போர் செய்வது என்பதும் இன்னும் வெட்டுவதுதான்; 0.25 மில்லிமீற்றர் படிகளில் நாலு தரம் வெட்டலாம், அதோடு சுவரின் ஆயுள் முடிந்தது. எத்தனை தரம் வெட்டினாலும் உயர்ந்துவிட்ட துவாரம் இறங்காது. எஞ்சியது ஒரே வழி: பழைய ஸ்லீவைக் கழற்றிப் புதியது போட்டு, துவாரங்களை ஆதி அளவில் வெட்டுவது. அலுமினிய உடலைச் சூடாக்கினால் அது விரிந்து உள்ளேயிருக்கும் இரும்பு ஸ்லீவ் கழன்று வரும்.

"புது ஸ்லீவ் போட்டா ராவினது தெரியாது" என்றார் லேத்காரர்.

முழுக்க அப்படியல்ல. என் அரம் ஸ்லீவையும் கடந்து அலுமினியத்தில் பட்டிருந்தது. புதிய ஸ்லீவின் துவாரத்துக்குப் பின்னால், புகை போகும் வழியில் ஒரு சிறு படி இன்னும் இருக்கிறது. எஞ்சினின் ஓட்டத்துக்கு அதனால் பெரிய குறையில்லை. கைவிட்டுத் தடவினால் தெரியும்.

ஆகவே திருத்துவது என்றால் என்ன? இரும்பில் அது இரண்டே வகை: இன்னும் கொஞ்சம் வெட்டுவது, அல்லது கெட்டதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது. நடந்ததை நடக்காததாக்கும் மூன்றாவது வகை இல்லை. எழுத்தில் பிழையை அழித்தால் வாசகருக்கு அது தெரியவே தெரியாது; பிரதியில் அதுதான் நல்ல திருத்தம். மனித விடயத்தில் அதே செயல், தடயத்தை மறைப்பதாகிவிடும். மூன்று காரியங்களும் ஒன்றல்ல என்பது இங்கேதான் எனக்குத் தெளிந்தது. எஞ்சினைத் திருத்த அளவு தெரிந்தால் போதும். அளவு கைநூலில் இருக்கிறது. மனிதனுக்குச் செய்த பிழையைத் திருத்த அளவாக இருப்பவர் அந்த மனிதரே. அவர் இல்லாத இடத்தில் நான் எனக்கு நானே அளவு வைத்துப் போதும் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அவரைத் தேட முடியும். பழி பரவிய இடத்திலேயே அதைத் திருப்பி எடுக்கவும் முயலலாம். விசாரித்தேன். மட்டக்களப்பு என்றார் ஒருவர். வெளிநாடு என்றார் இன்னொருவர். இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். இதுவரை கிடைக்கவில்லை, தேடுகிறேன். ஊரில், அந்தக் கதையை நினைவில் வைத்திருக்கக்கூடிய வயதானவர்கள் சிலர் கூடும் தேநீர்க் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர், "இப்ப ஏன் அதக் கிளறுறீங்க?" என்றார். இன்னொருவர் கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மனுசன்ட கராஜ் வாசலால எத்தின தரம் முகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பன்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

பாஸின் பெயரை இங்கே எழுதவில்லை. பழி சொன்ன நாட்களில் அவருடைய பெயரைத் தாராளமாகச் சொன்னோம். ஊரில் அதைத் திருப்பி எடுத்தபோதும் பெயர் சொல்லியே சொன்னேன். ஆனால் அச்சில் போடுவதற்கு அவரையோ பிள்ளைகளையோ கேட்க வேண்டும். கேளாமல் எடுத்தது ஏற்கனவே போதும்.

எஞ்சின் இப்போது ஓடுகிறது. ஒரு பின்னேரம் மகன் உதைத்து இயக்கினான். நீலப் புகையும் எண்ணெய் எரியும் அந்தப் பழைய வாசமும் முற்றத்தை நிறைத்தன. மெதுவாகக் களியோடை வரை போய்த் திரும்பி வந்தான். இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தோம், ஒரே நிறம். நல்ல வேலை என்று லேத்காரரைப் பாராட்டினோம்.

அந்த வட்ட அரம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அது இரவல் வாங்கியது.